அண்ணாச்சிகிட்ட கேளுங்க: எகிப்துக்காரங்க மரப்பெட்டி ஸ்பெஷல்

போன இதழ்ல ஒரு வாசகர், மம்மிய வைக்கிற பெட்டி கல்லா மரமான்னு கேட்டாரு. கல்லுத்தொட்டி எல்லாம் ரொம்ப வசதி உள்ளவங்களுக்கு, பெருவாரியா பெயிண்ட் அடிச்ச மரப்பெட்டிதான்னு நாலு வரி எழுதிட்டு விட்டேன். அவ்வளவுதான், அதுலேர்ந்து வாட்ஸ்அப்புலயும் கடுதாசியிலயும் இதே கேள்விதான் வந்து குவியுது. அதனால இந்த வாரம் சினிமா, அரசியல் எல்லாம் லீவு. வந்ததுல நல்ல கேள்வியாப் பொறுக்கிப் போட்டிருக்கேன்.

அது பாலைவனம், அங்க மரத்துக்கு எங்க போனாவ? என்ன மரம், எப்படி இணைச்சாவ, 3000 வருஷம் எப்படி நிக்குது? நான் கடைசல் வேலை பாக்கிறவன், கொஞ்சம் விவரமா எழுதுங்க அண்ணாச்சி.
– வாசகர், அம்பாசமுத்திரம்

உங்க கேள்விதான் எல்லாத்துக்கும் மூலம். மரம் இல்லாததுதான் அங்க பிரச்சினையே, அந்தப் பெட்டில நாம பாக்கிற அழகுல பாதி மரம் பத்தாததுனால வந்ததுன்னுகூட சொல்லலாம். நைல் ஆத்தங்கரையில சவுக்கு மாதிரி மெல்லிசா இலை விடுற டாமரிஸ்க், கருவேல மர ஜாதி, அப்புறம் சிக்கமோர்னு ஒரு அத்தி, இவ்வளவுதான். இந்த சிக்கமோர் நம்ம ஊரு அத்திக்கு நெருங்கின பங்காளி, இதுலயும் காய் அடிமரத்துலேயே கொத்துக் கொத்தாத் தொங்கும். அந்த மரத்துக்குள்ள ஒரு அம்மன் இருந்துக்கிட்டு செத்தவங்களுக்கு தண்ணியும் சாப்பாடும் குடுக்கான்னு அவங்களுக்கு நம்பிக்கை, அந்தப் படமும் நிறைய இருக்கு. நம்பிக்கை இருக்கட்டும், வேலைக்காரன் கண்ணுல பாத்தா அது லேசான மரம், நார் முரடு, முடிச்சு ஜாஸ்தி, நீளமா ஒரு பலகை எடுக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும்.

நல்ல மரம் வேணும்னா லெபனான் மலையிலேர்ந்து தேவதாரு ஜாதி சீடர் மரம் கப்பல்ல வரணும். சுமார் 4600 வருஷத்துக்கு முன்னாடி ஸ்னெஃப்ருன்னு ஒரு ராஜா 40 கப்பல் நிறைய சீடர் கொண்டாந்தத பெருமையா கல்லுல வெட்டி வச்சிருக்காவ, அந்தக் கல்லு இப்ப இத்தாலியில பலெர்மோ மியூசியத்துல இருக்கு. கப்பல்ல மரம் வந்தத கல்வெட்டாப் போடுறாவன்னா அது எவ்வளவு அரிய சரக்குன்னு பாத்துக்கிடுங்க.

சரி, சாதாரண ஆளுக்கு என்ன வழி? கிடைச்ச துண்டு துணுக்க எல்லாம் சேத்து ஒட்டுறதுதான். பெரிய ஆளு உசரத்துக்கு ஒரு பெட்டி, அதுவும் மனுஷ உருவத்துல தோள் வளைவு, கால் பாதம் எல்லாம் வச்சு, ஆனா உள்ள பாத்தா முழம் நீளம்கூட இல்லாத கட்டையெல்லாம் இருக்கும். கழுந்தும் துளையும் போட்டு இறுக்கி, மர ஆணி அடிச்சு, சில எடத்துல கயித்தாலயும் வாராலயும் கட்டி நிறுத்தியிருக்காவ. கருவி என்னன்னா வாய்ச்சி, உளி, கொட்டாப்புளி, தன் பக்கமா இழுத்து அறுக்கிற ரம்பம், வில்லு கட்டிச் சுத்துற துளைக்கருவி. உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும், இழைப்புளியே கிடையாது. வாய்ச்சியால லேசு லேசாச் செதுக்கிட்டு மணல்கல்ல வச்சுத் தேச்சுத்தான் மட்டம் பண்ணியிருக்காவ.

அதுக்கப்புறம்தான் வித்தையே. இடுக்கெல்லாம் களிமண்ணு, வைக்கோல் கலந்த சாந்து வச்சு அடைச்சு, மேல லினன் துணிய ஒட்டி, சுண்ணாம்புக்கல் பொடியில வஜ்ரப் பசை கலந்து மக்கு மாதிரி பூசி, காஞ்சதும் தேச்சு வழவழன்னு ஆக்கிருவாவ. இப்ப சுவத்துக்கு பட்டி பாக்காங்கல்ல, அதேதான். அந்த வெள்ளைத் தளத்துமேல பெயிண்ட் ஏறினப்புறம் உள்ள எத்தனை ஒட்டு இருக்குன்னு கடவுளுக்குத்தான் தெரியும், இல்லேன்னா சிடி ஸ்கேன் எடுக்கிறவனுக்குத் தெரியும்.

எப்படி நிக்குதுன்னு கேட்டீங்க. மலைப் பாறையக் குடைஞ்சு வச்ச ரூம்பு, வருஷத்துல மழையே பாக்காத ஊரு. ஈரம் இல்லேன்னா மரம் மக்காது. அதுக்காக எல்லாமே தப்பிச்சிருச்சுன்னு நெனைக்காதீங்க, கரையான் தின்னு வெறும் பெயிண்ட் பூச்சு மட்டும் ஓடு மாதிரி நிக்கிற பெட்டியும் அங்க உண்டு.

எகிப்து ராஜா துத்தன்காமன் கல்லறைய திறந்தவங்க எல்லாரும் சாபத்துல செத்துப் போனாங்களாமே?
– வாசகர், திசையன்விளை

தோண்டுறதுக்கு காசு போட்ட கார்னர்வன் பிரபு 1923-ல கொசுக்கடிய ஷேவ் பண்ணும்போது கீறி அது சீழ் வச்சு செத்தாரு. முதல்ல உள்ள எட்டிப் பாத்த ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரைக்கும் இருந்தாரு. சாபம் ஆள் பாத்துப் பிடிக்குமா என்ன? அடுத்த கேள்வி.

பெயிண்ட் கடை வச்சிருக்கேன். இப்ப கம்பெனி பெயிண்ட்டே அஞ்சு வருஷத்துல வெளுத்துப் போகுது, அவன் என்னத்த அடிச்சான்?
– வாசகர், வள்ளியூர்

செடி கொடி சாயம் கொஞ்சம்தான், முக்காவாசி கல்லும் மண்ணும். செம்மண் காவி, மஞ்சக் காவி, அடுப்புக்கரி, வெள்ளைக்கு சுண்ணாம்புக்கல். இதெல்லாம் வெயில்ல கெடந்தே உருவான நிறம், வெளுக்கிறதுக்கு என்ன இருக்கு? பளபளன்னு பொன் மாதிரி மஞ்ச வேணும்னா அரிதாரம், நம்ம சித்த வைத்தியக்காரங்களுக்குத் தெரிஞ்ச அதே அரிதாரம்தான், ஆர்சனிக் உள்ள விஷம். அத அரைச்சு அரைச்சு அந்தக் காலத்துப் பெயிண்டர் கை என்ன ஆச்சோ. கலந்து பூச வேல மரத்துப் பிசின், இல்ல வஜ்ரம்.

நீலம்தான் பெரிய கதை. வானத்து நீலத்துக்கு நல்ல கல்லுன்னா லாபிஸ் லசூலி, அது ஆப்கானிஸ்தான்லேர்ந்து வரணும், யானை விலை. அதுனால மணல், சுண்ணாம்பு, செம்பு, கொஞ்சம் காரம் இதெல்லாம் சேத்து சூளையில 900 டிகிரி பக்கம் சுட்டு ஒரு நீலத்த அவங்களே செஞ்சுட்டாவ. மனுஷன் முதல்முதலா செயற்கையா செஞ்ச கலர்னு அதத்தான் சொல்லுதாவ, 'எகிப்து நீலம்'னே பேரு. ரோம் காலத்துக்கு அப்புறம் செய்முறை மறந்தே போச்சு, 19-ம் நூற்றாண்டுலதான் திரும்பக் கண்டுபிடிச்சாவ. இதுல ஒரு கூத்து இருக்கு: சாதாரண லைட்ட இது மேல அடிச்சா கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்த அது திருப்பி விடும். அதுனால மியூசியக்காரங்க ஸ்பெஷல் கேமரா வச்சு போட்டோ எடுத்தா, நம்ம கண்ணுக்கு அழுக்கா கருப்பாத் தெரியிற பெட்டியில நீலம் இருந்த எடம் மட்டும் வெள்ளையா மின்னும். அழிஞ்சு போன கோடு எல்லாம் அப்படித்தான் திரும்பக் கிடைக்குது.

இன்னொண்ணு. படத்துல பெட்டி எல்லாம் மஞ்சளா தேன் கலர்ல பாத்திருப்பீங்க. சுமார் 3000 வருஷத்துக்கு முன்னாடி, 21-வது ராஜவம்சம்னு சொல்லுத காலத்துப் பெட்டிங்க அது. மஞ்சத் தளத்துல படம் போட்டு, மேல பிஸ்தா மர ஜாதிப் பிசினை வார்னிஷா பூசியிருக்காவ. அந்த வார்னிஷ் வருஷம் ஆக ஆக இன்னும் மஞ்சளாகி, அடியில இருந்த நீலத்த பச்சையாக் காட்டும், வெள்ளைய மஞ்சளாக் காட்டும். தங்கம் வாங்க வக்கில்லாத எடத்துல தங்கம் மாதிரி காட்டுறதுக்குன்னு செஞ்ச வேலை, ஏன்னா சாமிகளோட உடம்பு தங்கம்னு அவங்க கணக்கு. முகம் பச்சையா இருந்தா ஒசிரிஸ் சாமி, செத்து மறுபடி முளைக்கிறவரு. கருப்புன்னா ஆத்து வண்டல் மண்ணு, அதுவும் வெளைச்சலுக்கு அடையாளம்தான், துக்கத்துக்கு இல்ல.

நான் ஸ்கூல் டீச்சர். புக்குல ஒரு எகிப்துப் பெட்டிப் படம், பக்கவாட்டுல ரெண்டு கண்ணு மட்டும் வரைஞ்சிருக்கு. பிள்ளைங்க திருஷ்டிக்கான்னு கேக்காங்க. என்ன சொல்லட்டும்?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

திருஷ்டிக்கு இல்லம்மா, வெளிய பாக்கிறதுக்கு. சுமார் 4000 வருஷம் முன்ன பெட்டி மனுஷ உருவத்துல வரல, நீள் சதுரப் பெட்டிதான். உடம்ப மல்லாக்கப் படுக்க வைக்காம இடப்பக்கமா ஒருக்களிச்சு, தலை வடக்க, முகம் கிழக்க பாக்கிற மாதிரி வைப்பாவ. அந்த முகத்துக்கு நேரா பலகையில ரெண்டு கண்ணு. உள்ள இருக்கிறவரு அது வழியா சூரியன் உதிக்கிறத பாப்பாராம். கண்ணுக்குக் கீழ ஒரு கதவும் வரைஞ்சிருப்பாவ, அது நிஜக் கதவு இல்ல, உசிரு போய்ட்டு வாரதுக்கு.

இந்த ஜாதியில ரொம்ப அழகான பெட்டி ஒண்ணு அமெரிக்காவுல பாஸ்டன் மியூசியத்துல இருக்கு. ஜெஹுதிநக்த்ன்னு ஒரு மாகாண கவர்னர், ஊரு டெய்ர் எல்-பெர்ஷா, 1915-ல ஹார்வர்டு-பாஸ்டன் குழு தோண்டி எடுத்தது. உண்மையான லெபனான் சீடர் பலகை, அதனால அதுல மக்கு பூசி மறைக்கிற வேலையே இல்ல, மரத்துமேல நேராவே வரைஞ்சிருக்கான். வெளிப்பக்கம் ரொம்ப சாதாரணமா இருக்கும், அழகெல்லாம் உள்பக்கம். அந்த வரைஞ்ச கதவு பக்கத்துல கவர்னர் உக்காந்திருக்காரு, எதுக்க ஒருத்தன் சாம்பிராணி காட்டுதான், அங்கேர்ந்து மாட்டுக்கால், வாத்து, பழம், பானைன்னு படையல் அடுக்கடுக்கா குமிஞ்சு கெடக்கு. பறவை இறகு ஒவ்வொண்ணுக்கும் மெல்லிசா தனித்தனிக் கோடு, ஒரே நிறத்துல நாலு சாயல். யாரு பாக்கப் போறா சொல்லுங்க? அதுக்குள்ள இன்னொரு பெட்டிய வச்சு, மூடி போட்டு, குழியில இறக்கி மண்ணு தள்ளிருவாங்க. படுத்திருக்கிற ஒரே ஒருத்தருக்காக வரைஞ்சது அது.

பிள்ளைங்களுக்குச் சொல்ல இன்னொரு சுவாரசியம்: திருடங்க முன்னாடியே புகுந்து எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுட்டாங்க, மிச்சம் கிடைச்சது பெட்டி மேல தனியா ஒரு தலை. கவர்னருக்கும் அதே பேருள்ள அவரு வீட்டம்மாவுக்கும் கல்லறை ஒண்ணேதான், அதனால தலை யாருதுன்னு நூறு வருஷமா குழப்பம். கடைசியில 2018-ல அமெரிக்காவோட எஃப்.பி.ஐ. லேப்ல கடவாய்ப் பல்லுலேர்ந்து டிஎன்ஏ எடுத்துப் பாத்து ஆம்பளைன்னு சொல்லிட்டாங்க. 4000 வருஷத்துக்கு அப்புறம் போலீஸ் வந்து அடையாளம் சொன்ன கேஸ் இது ஒண்ணுதான் இருக்கும்.

எவ்வளவு செலவாயிருக்கும்? ஏழைபாழைங்க என்ன பண்ணுவாங்க? சாவு வீட்டுச் செலவுல கடன் ஆகுறது அங்கயும் உண்டா அண்ணாச்சி?
– வாசகர், மேலப்பாளையம்

இது நல்ல கேள்வி. விலைப்பட்டியலே கிடைச்சிருக்கு. ராஜாக்கள் கல்லறைய வெட்டுற கொத்தனார், ஓவியர் எல்லாம் குடியிருந்த ஊரு டெய்ர் எல்-மெதினா. அவங்க பானை ஓட்டுலயும் கல்லுச் சில்லுலயும் கணக்கு எழுதித் தூக்கிப் போட்டுட்டாங்க, அது ஆயிரக்கணக்குல கெடைக்கு. காசுன்னு நாணயம் கிடையாது, தெபென்னு ஒரு செம்பு எடை, 91 கிராம் பக்கம், அத வச்சு விலை பேசிட்டு ஆடு, துணி, எண்ணெய்னு எதையாவது குடுத்து நேர் பண்ணிக்கிடுவாங்க. ஒரு சாதாரண மரப்பெட்டி 20-லேர்ந்து 40 தெபென். வேலைக்காரனுக்கு மாசக் கூலி தானியமாத்தான், மதிப்புப் போட்டா 11 தெபென் தேறும். ஆக ரெண்டு மூணு மாசச் சம்பளம் பெட்டிக்கே போச்சு. மரத்துக்குத் தனி, ஆசாரிக்குத் தனி, படம் போடுறவனுக்குத் தனின்னு கணக்கு எழுதியிருக்கான். அந்தக் கூலியும் ஒழுங்கா வராம மூணாம் ராமேசஸ் ராஜா காலத்துல வேலைய போட்டுட்டு போய் உக்காந்திருக்காங்க, எழுத்துல பதிவான முதல் ஸ்டிரைக் அதுதான்னு சொல்லுவாங்க.

ஏழைக்கு? பாய்ல சுருட்டி மணல்ல புதைக்கிறதுதான். நடுத்தரத்துக்கு ரெடிமேட். எழுதுற எடத்துல 'ஒசிரிஸ் ஆகிய' அப்படின்னு எழுதிட்டு பேருக்கு மட்டும் எடம் விட்டு வைப்பாங்க, வாங்கினவன் பேர அப்புறம் சொருகிக்கிடலாம். சொருக மறந்து காலியாவே மண்ணுக்குள்ள போனதும் இருக்கு, பாவம்.

அதவிடப் பெரிய வழி ஒண்ணு வந்துச்சு, பழைய பெட்டிய எடுத்துப் புதுசாக்குறது. கி.மு. 1100 வாக்குல எகிப்தோட மவுசு கொறைஞ்சு போச்சு, முன்ன மாதிரி லெபனான்காரன் மரம் தரமாட்டேங்கான். அந்தக் காலத்துக் கதை ஒண்ணு பாப்பிரஸ்னு சொல்லுத நாணல் தாள்ல இருக்கு, வெனாமுன்னு ஒரு கோயில் அதிகாரி சாமி ஓடத்துக்கு மரம் வாங்க லெபனான்ல உள்ள பிப்லோஸ் துறைமுகத்துக்குப் போறான், வழியில பணத்த திருட்டுக் குடுத்துட்டு நிக்கான், அங்க உள்ள ராஜா 'துறைமுகத்த விட்டுப் போ'ன்னு தினமும் ஆள் விட்டுச் சொல்லுதான், காசு வந்தாத்தான் மரம்னு கறாராப் பேசுதான். வீட்டுக்கு மரம் எடுக்கப் போயி டிப்போவுல அலைஞ்சவங்களுக்கு அது நல்லாப் புரியும்.

அப்ப என்ன பண்ணினாங்க, குடும்பக் கல்லறையத் திறந்து பாட்டன் பூட்டன் பெட்டிய எடுத்து, மம்மிய வெளிய வச்சுட்டு, மேல ஒரு பூச்சுப் பூசி, புதுப் பேரு, புதுப் படம். ஆம்பளைப் பெட்டி பொம்பளைப் பெட்டியாகும், தாடிய எடுத்துட்டு முஷ்டி மூடின கைய விரிச்ச கையா மாத்திருவாங்க. காரா கூனின்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஊர் ஊரா மியூசியம் போய் பெட்டி பெட்டியா டார்ச் அடிச்சுப் பாத்து, அந்தக் காலத்துப் பெட்டிகள்ல பாதிக்கு மேல மறுபடி பயன்படுத்தின தடயம் இருக்குன்னு எழுதியிருக்காங்க. திருட்டுப் பசங்க மட்டும் பண்ணினதுன்னு நெனைச்சிராதீங்க, பூசாரி வீட்டுலயே நடந்திருக்கு. 1881-ல டெய்ர் எல்-பஹ்ரியில ராஜாக்கள் மம்மிய எல்லாம் மொத்தமா ஒளிச்சு வச்ச எடம் கிடைச்சுது பாருங்க, அங்க அவ்வளவு பெரிய இரண்டாம் ராமேசஸே வேற யாருக்கோ செஞ்ச மரப்பெட்டியிலதான் படுத்திருந்தாரு, தங்கத் தகடு எல்லாம் சுரண்டி எடுத்துட்டு நெஞ்சுல மையால பேரு எழுதியிருக்கு. ஊரெல்லாம் தன் பேர ஆழமா வெட்டி வச்ச மனுஷன், அடுத்தவன் செஞ்சத எல்லாம் தன் பேருக்கு மாத்தினவரு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்துல உள்ளது. நெஸ்பவெர்ஷெஃபித்ன்னு கர்னாக் கோயில்ல அதிகாரியா இருந்தவரு, கி.மு. 1000 வாக்கு. அவ்வளவு அழகான மஞ்சப் பெட்டி. எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் எடுத்துப் பாத்தா அடியில பழைய பெட்டியோட துண்டுங்கள எல்லாம் கோத்துத்தான் செஞ்சிருக்கு, கோயில் அதிகாரிக்கே அந்த நெலம. உள்பெட்டி மூடியில வார்னிஷ் காயறதுக்கு முன்னாடி எவனோ தூக்கியிருக்கான், விரல் ரேகை பதிஞ்சு அப்படியே நிக்குது. ஓனருக்கு மந்திரம், சாமி, பட்டம் எல்லாம் எழுதியிருக்கு, தூக்கினவன் பேரு எங்கயும் இல்ல, ரேகை மட்டும் 3000 வருஷமா இருக்கு. காயுறதுக்குள்ள என்ன அவசரமோ, வெளிய பாடை ரெடியா நின்னுச்சோ என்னவோ.

மம்மி கூட சின்னச் சின்ன மரப்பொம்மை வைப்பாங்களாமே, எங்க வீட்டுச் சொப்பு சாமான் மாதிரி. விளையாடவா?
– வாசகி, தென்காசி

சொப்புதான், ஆனா விளையாட்டு இல்ல. அடுத்த உலகத்துல சோறு வடிக்க, பீர் காய்ச்ச, மாடு மேய்க்க ஆள் வேணும்ல. 1920-ல லக்சர் பக்கம் மெகெத்ரேன்னு ஒரு மந்திரி கல்லறையில ஹெர்பர்ட் வின்லாக்ன்னு ஒரு அமெரிக்கத் தொல்லியல்காரரோட குழு வேலை பாத்துக்கிட்டிருந்தாங்க. ஏற்கனவே திருடு போன கல்லறை, சும்மா பிளான் வரையலாம்னு சுத்தம் பண்ணும்போது, ஒரு இடுக்கு வழியா கல்லுத் துகள் உள்ள சரிஞ்சு ஓடுறத ஆளுங்க கவனிச்சிருக்காங்க. டார்ச் அடிச்சுப் பாத்தா சின்ன ரூம்பு, உள்ள பெயிண்ட் அடிச்ச மரத்துல ஒரு ஊரே நிக்குது. மொத்தம் 24 செட்டு, பாதி கெய்ரோவுக்கு, பாதி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குப் பிரிச்சுக்கிட்டாங்க. சுமார் 4000 வருஷப் பழசு.

மாடு எண்ணுற காட்சி ஒண்ணு, திண்ணையில மந்திரி உக்காந்திருக்காரு, பக்கத்துல கணக்குப்பிள்ளைங்க, முன்னாடி புள்ளி புள்ளியா, வெள்ளை கருப்பு செவலைன்னு மாடுங்கள ஓட்டிக்கிட்டுப் போறாங்க, ஒரு மாடுகூட இன்னொரு மாடு மாதிரி இல்ல. ரொட்டிக் கடை, கசாப்புக் கடை, தறி, தானியக் குதிரு, படகு. பொம்மைங்களுக்கு நிஜ லினன் துணியே கட்டியிருக்கு. தோட்டம் ஒண்ணு உண்டு, நடுவுல குளம், உள்ள செம்புத் தகடு பதிச்சிருக்கான், தண்ணி ஊத்தினா நிக்கும். குளத்தச் சுத்தி முதல் கேள்வியில சொன்ன அதே சிக்கமோர் அத்தி, கையகல மரத்துல அடியிலேர்ந்து செவப்பா பழம் தொங்குறதக்கூட விடாம செஞ்சிருக்கான்.

அம்பாசமுத்திரத்து வாசகர் இதையும் கேட்டுக்கிடுங்க: அதுல ஒரு ஆசாரிப் பட்டறையும் இருக்கு. ஒருத்தன் பலகைய கம்பத்துல நட்டமாக் கட்டி மேலேர்ந்து கீழ அறுக்கான், ஒருத்தன் துளை போடுதான், சிலபேரு வாய்ச்சியால செதுக்குதாங்க. மூலையில ஒரு பெட்டி, அதத் திறந்தா உள்ள உபரிக் கருவி எல்லாம், ரம்பம், உளி, வாய்ச்சி, விரல் நீளத்துல. வெளிய தெரியவே தெரியாத எடம். இருந்தும் செஞ்சு வச்சிருக்கான், ஏன்னா சொர்க்கத்துல உளி மொக்கையாயிட்டா எங்க போறது?

நம்ம ஆதிச்சநல்லூர் தாழியப் பாத்துத்தான் எகிப்துக்காரன் மம்மி செஞ்சான்னு ஒரு ஃபார்வர்டு வந்துச்சே, நெசமா?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம்

ஃபார்வர்டு பண்ணினவருக்கு என் வணக்கம். அப்படி ஒரு ஆதாரமும் கிடையாது. தாழியில வச்சது எலும்பும் மண்டை ஓடும், கூட பானை, இரும்பு, வெண்கலம், தங்க நெத்திப்பட்டம். 1876-ல ஜெர்மன்காரர் ஜாகோர், அப்புறம் 1899-லேர்ந்து அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தது. உடம்ப உப்புல உலத்தி, துணி சுத்தி, மரப்பெட்டியில வைக்கிறது முழுக்க வேற வழக்கம். நம்ம பெருமைக்கு அடுத்தவன் பொணத்த இழுக்க வேண்டாம், நம்மள்ட்டயே சரக்கு இருக்கு.

உண்மையான தொடர்பு வேணுமா, அது ரோம் காலத்துக் கப்பல் வியாபாரம். செங்கடல் கரையில பெரெனிக்கேன்னு ஒரு துறைமுகம், அங்க ஒரு கோயில்ல இந்தியப் பானைக்குள்ள ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைச்சுது. அதே கரையில இன்னொரு பழைய துறைமுகம் குசெய்ர் அல்-காதிம்ல, பழைய தமிழ் எழுத்தான தமிழ் பிராமியில 'பானை ஒறி'ன்னு, அதாவது உறியில தொங்கவிடுத பானைன்னு எழுதின ஓடு கிடைச்சுது. பெரெனிக்கே வீட்டுச் சுவத்துல நம்ம பக்கத்துத் தேக்கு இருக்கு, உடைஞ்ச கப்பல் பலகைய எடுத்து வீடு கட்டியிருக்கான். மரப் பஞ்சம் அந்த ஊரு காரனுக்கு கடைசி வரைக்கும் தீரல பாருங்க.

எகிப்து மம்மி முகத்துல போட்டோ மாதிரி தத்ரூபமா ஒரு பொண்ணு படம் இன்ஸ்டாவுல பாத்தேன். ஏஐ-யா?
– கல்லூரி மாணவி, சுரண்டை

ஏஐ இல்ல தாயி, நெசம். இப்ப சொன்ன அதே ரோம் காலம், கி.பி. 1-லேர்ந்து 3-ம் நூற்றாண்டு வரை. எகிப்து ரோம் கையில, பணக்காரங்க பேசுறது கிரேக்கம், ஆனா செத்தா எகிப்து முறைதான். முகத்துக்கு மேல மரத்துல செதுக்கின பொம்மை முகம் வைக்கிறதுக்குப் பதிலா, மெல்லிசுப் பலகையில ஆளோட முகத்த வரைஞ்சு, மம்மி துணிச் சுத்துக்குள்ள சன்னல் மாதிரி எடம் விட்டுச் சொருகிருவாங்க. ஃபயூம்னு ஒரு பக்கம் நிறையக் கிடைச்சதுனால ஃபயூம் ஓவியம்னு பேரு. இப்ப 900 வரைக்கும் தெரியும், இங்கிலாந்து தொல்லியல்காரர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1888-ல ஃபயூம் பக்கத்து ஹவாராவுல தோண்டினப்ப ஏகப்பட்டது வந்துச்சு, லண்டன்ல கொண்டு போய் கண்காட்சி வச்சாரு, கூட்டம் அள்ளுச்சு.

தேன்மெழுகுல கலர் கலந்து சூடா இருக்கும்போதே பூசுறது. அந்த மெழுகு கெட்டியாகி நிக்கிறதுனால கிட்டப் போய் பாத்தா கன்னத்துல தூரிகை போன தடம், சூட்டுக் கம்பியால இழுத்த வரி எல்லாம் மேடு பள்ளமாத் தெரியும். கண்ணுல ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி, வெளிச்சம் பட்ட மாதிரி, அந்த ஒரு புள்ளிதான் உன்னய 'ஏஐ-யா'ன்னு கேக்க வச்சிருக்கு. காதுல முத்துத் தொங்கட்டான் போட்ட பொண்ணுங்க படம் நிறைய உண்டு. அதே காலத்துலதான் நம்ம கொற்கை முத்தும் மேற்க போச்சு, ஆனா இந்தக் காதுல உள்ளது அந்த முத்துதான்னு யாராவது ஃபார்வர்டு பண்ணினா மேல ஸ்ரீவைகுண்டத்துக்குச் சொன்ன பதிலத்தான் சொல்லுவேன். பலகை பெரும்பாலும் லிண்டன் மரம், அதுவும் ஐரோப்பாப் பக்கத்துலேர்ந்து வந்த சரக்கு. சிலதுல உள்ளூர் சிக்கமோர். மேல் முனை ரெண்டையும் கோணலா வெட்டியிருக்கும், மம்மி தலைக்குப் பொருந்தணும்ல.

ஒரு வருத்தம், இத வித்த வியாபாரிங்க முகத்த மட்டும் பிச்சு எடுத்துட்டு உடம்பத் தூக்கிப் போட்டுட்டாங்க. அதனால முக்காவாசிப் படத்துல இருக்கிறது யாரு, எந்தக் குழின்னு இனி யாராலும் சேக்க முடியாது.

இதெல்லாம் பாக்க எகிப்துக்கே போகணுமா? பாஸ்போர்ட்டே எடுக்கல அண்ணாச்சி.
– வாசகர், சேரன்மகாதேவி

வேண்டாம், ரயில் டிக்கெட் போதும். ஹைதராபாத் பப்ளிக் கார்டன்ல உள்ள ஸ்டேட் மியூசியத்துல ஒண்ணு, நிஜாம் குடுத்தது. கல்கத்தா இந்தியன் மியூசியத்துல ஒண்ணு. ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹால்ல ஒரு பொம்பளை மம்மி, பேரு தூத்து, பெட்டி மூடியோட இருக்கு. 2020 ஆகஸ்ட்ல ஜெய்ப்பூர்ல பேய் மழை பேஞ்சு மியூசியத்துக்குள்ள வெள்ளம் வந்தப்ப, ஊழியருங்க கண்ணாடிக் கூண்ட உடைச்சுத் தூக்கி மேல வச்சுக் காப்பாத்தினாங்க. போறவங்க மம்மிய மட்டும் பாத்துட்டு செல்ஃபி எடுத்துட்டு வந்துராதீங்க, மூடிப் பக்கம் போய் உக்காந்து பெயிண்ட் உதிந்த எடமாப் பாருங்க, மரமும் ஒட்டும் துணியும் அங்கதான் தெரியும். திங்கக்கிழமை லீவு இருக்கான்னு முன்னாடியே விசாரிச்சுக்கிடுங்க, நிறைய மியூசியம் அன்னைக்குப் பூட்டிருவாங்க.